பலகை எழுதியவருக்குத் திரை புதிதல்ல

புத்தளத்தை அடுத்த பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பும் பேருந்துகள் மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் சில நாட்களுக்கு மூச்சுவிட இடமின்றி நிரம்பி வழியும். தலவில புனித அன்னாள் திருத்தலத்தின் இரு பெருவிழாக்களும் அக்காலங்களில் நடைபெறுவதே காரணம். 1843இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வாலயத்தின் முன்றிலும், கடலை ஒட்டிய மரநிழலும் அந்நாட்களில் ஒரு சிறு நகரமாகவே மாறிவிடுகின்றன. நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் சிங்களமும் தமிழும் கலந்து பேசும் மீனவக் குடும்பங்கள் வருகின்றன. மன்னாரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. குடிநீர் எங்கே, தங்குமிடம் எங்கே, மெழுகுவர்த்தி ஏற்றுமிடம் எங்கே, வாகனம் நிறுத்துமிடம் எங்கே என்று அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் விழா நடந்தேறாது. அந்தச் சுமையில் பெரும்பகுதியை மும்மொழிப் பலகைகள் சுமக்கின்றன.

அப்பலகையை எழுதுபவர் செய்யும் வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஓடும் பேருந்தின் சன்னலிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், எந்தச் சொல்லை விட்டால் பொருள் கெடாது, அம்புக்குறி எழுத்துக்கு முன்னா பின்னா, மூன்று மொழிகளில் எது மேலே எது கீழே, உப்புக்காற்றும் உச்சி வெயிலும் மங்கச் செய்யாத நிறம் எது என்ற இத்தனை கேள்விகளுக்கும் அவர் தூரிகையைத் தொடுமுன்பே விடை கண்டுவிடுகிறார். பார்ப்பவர் எங்கிருந்து வருகிறார், என்ன தேடுகிறார், அடுத்து எங்கே போகவேண்டும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அவர் கண் விழும் இடத்தில் விடையை வைப்பது. இன்று கணினித் துறையினர் ‘இடைமுக வடிவமைப்பு’ என்று பெரிய பெயர் சூட்டி, அதற்குப் பெரிய சம்பளமும் கொடுக்கும் வேலை அடிப்படையில் இதுவேதான். வங்கியின் செயலியிலோ மருத்துவமனைப் பதிவுத் தளத்திலோ மனிதன் இயந்திரத்தோடு முகம் கொடுத்துப் பேசும் திரைப்பரப்பே இடைமுகம்.

ஆயினும் பலகை எழுதும் கலைஞர்களும் அச்சகங்களில் பக்கம் அமைத்தவர்களும் திரை வடிவமைப்பு என்றதும் பின்வாங்குகின்றனர். அது பொறியியல் படித்தவர்களின் வேலை, ஆங்கிலம் சரளமாக வந்தவர்களின் வேலை, இருபது வயதுக்காரர்களின் வேலை என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. துணியில் அச்சாகும் டிஜிட்டல் பனர்கள் பரவியபோது தூரிகைக்காரர்களில் பலர் தொழிலை இழந்தனர்; கைத்தொலைபேசிகள் பரவியபோது அழைப்பிதழ் அச்சிட்ட சிற்றச்சகங்கள் தளர்ந்தன. இரண்டு முறை அடிபட்டவர்கள் மூன்றாவது கருவியைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த மூன்றாவது கருவி முன்னிரண்டைப் போல அவர்கள் கைத்திறனை விலக்கி வைப்பதன்று. அதைத் தேடி நிற்பது. இதை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்வது நல்லது.

ஐரோப்பாவில் அச்செழுத்தை உருவாக்கிய கூட்டன்பர்க் பொற்கொல்லர் தொழிலறிவு பெற்றவர். உலோகத்தை உருக்கவும் அச்சில் வார்க்கவும் நுட்பமாகச் செதுக்கவும் அறிந்திருந்த கையே எழுத்தை வார்த்தது. தலவிலக் கடற்கரையில் நின்று பார்த்தால் மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இருப்பது முத்துக்குளித்துறை. அக்கரையில் வாழ்ந்து தமிழ் கற்ற அன்றிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அதற்கு முந்தைய ஆண்டில் கோவாவில் தமிழ் அச்செழுத்துகளை வெட்டியவராகக் குறிப்பிடப்படும் ஜொவான் கொன்சால்வஸ், உலோக வேலையில் தேர்ந்த ஓர் இயேசு சபைச் சகோதரர். தமிழுக்கு முதல் எழுத்துருவைத் தந்தது கொல்லுப்பட்டறைப் பயிற்சி என்றால் மிகையாகாது. பின்னர் 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் மிகப் பெரியனவாக இருந்தன; காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி, உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

நம் நாட்டவர் ஒருவரின் சாதனை இதைவிட நெருக்கமானது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்று பணியாற்றிய ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவர் எதிர்கொண்டது சுத்தமான இடைமுகச் சிக்கல். தமிழ் எழுத்துகள் 247. பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் மெய்யும் குறியும் சேர்ந்த கூட்டாகப் பார்த்து, சில குறிகளை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும்படி செய்து, அடுத்த எழுத்து அக்குறியோடு இணைந்து விழும் வகையில் அவர் அதைத் தீர்த்தார். ஆங்கிலத் தட்டச்சில் பழகியிருந்த அலுவலகக் கையும் தமிழ் நெடுங்கணக்கு அறிந்த மனமும் ஒருவரிடமே இருந்ததால் விளைந்த தீர்வு அது. பின்னர் கணினியில் தமிழ் வந்தபோது, தட்டச்சு வரிசையைத் தழுவிய விசைப்பலகைகளில் தட்டச்சுப் பழகியவர்கள் எளிதாக உட்கார முடிந்தது.

கணினித் திரைக்கும் இதே கதைதான். 1984இல் வெளிவந்த ஆப்பிள் மக்கின்டோஷின் குப்பைக்கூடை, சிரிக்கும் கணினி முதலிய சின்னங்களை வரைந்த சூசன் கேர் நுண்கலையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர், கணினியாளர் அல்லர். கட்டம் போட்ட குறிப்பேடு ஒன்றை வாங்கி, 32க்கு 32 என்ற சதுரத்தில் 1,024 கட்டங்களை நிரப்பியும் விட்டும் அவர் சின்னங்களை வரைந்தார். துணியில் ஊசித்தையல் போடுவதும் பதிகல் ஓவியம் அமைப்பதும் இதுவும் ஒன்றே என்பது அவர் கண்ட ஒப்புமை. புள்ளிக்கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு அவ்வேலையை விளக்கவே தேவையில்லை. அந்தக் கணினியின் விசைப்பலகைக்கு ஒரு குறி தேவைப்பட்டபோது, நோர்டிக் நாடுகளில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டச் சாலையோரப் பலகைகளில் இடும் குறி ஒன்றைக் குறியீட்டு நூலிலிருந்து அவர் எடுத்தாண்டார். நான்கு மூலைகளிலும் கண்ணியிட்ட அந்தச் சதுரம் நம் சிக்குக்கோலம் போலிருக்கும். இன்றும் ஆப்பிள் விசைப்பலகைகளில் அது இருக்கிறது. வழிகாட்டிப் பலகை ஒன்று விசையாகிவிட்டது என்பதை நம் பலகைக் கலைஞர்கள் அறிந்திருப்பது நன்று.

இந்திய மொழிகளின் திரை எழுத்தும் கைத்திறனில் பிறந்ததே. விளம்பரத் துறையில் எழுத்தோவியராக விளங்கி, பின் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய ஆர். கே. ஜோஷி (2008இல் காலமானவர்) தலைமையில் உருவானவையே வின்டோஸ் இயங்குதளத்தில் இடம்பெற்ற மங்கல், லதா முதலிய எழுத்துருக்கள். மட்டைப்பேனாவும் மையும் பழகிய விரல்கள் அவருடையவை. இலங்கையில் கொழும்பைச் சேர்ந்த மூனியாக் குழுவினர், சுவர்களில் ‘விளம்பரம் ஒட்டாதீர்’ என்று தகட்டில் வெட்டித் தீட்டப்படும் எழுத்துகளைக் கண்டு, அவற்றின் பாங்கில் சிங்கள, தமிழ் எழுத்துருக்களை அமைத்தனர். தமிழுக்கானதற்கு யாழ்ப்பாணத்தின் பெயரையே இட்டனர். நம் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் கையெழுத்தின் சாய்விலும் ஓட்டத்திலும் அமைத்த ‘கவிவனார்’ இன்று கூகுள் எழுத்துருத் தொகுப்பில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. தெருச்சுவரும் கையெழுத்தும் திரைக்கு ஏறிவிட்டன. தெருச்சுவரில் எழுதியவர் மட்டும் ஏன் கீழே நிற்கவேண்டும்?

இங்கு என் சொந்த அனுபவத்தைச் சிறிது கூறுவது பொருத்தமாகும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது பக்கங்களைக் கத்தரிக்கோலும் பசையும் கொண்டே அமைத்தார்கள். ஒளியச்சில் வந்த பத்திகளை வெட்டி, எட்டுப் பத்திக் கோடிட்ட தாளில் ஒட்டி, நேர் கோல் வைத்து நிமிர்த்துவார்கள். சில ஆண்டுகளில் பேஜ்மேக்கர் வந்தது. அதைக் கற்பிக்க வந்த பயிற்சியாளர் முதல் நாளில் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், எங்கள் மூத்த பக்க அமைப்பாளர் ஒருவர் பொறுமையிழந்து, “தம்பி, கத்தரிக்கோல் எங்க இருக்கு, பசை எங்க இருக்கு எண்டு மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார். இரண்டு வாரத்தில் அவர் முழுப் பக்கம் அமைத்தார். கணினி வகுப்புக்குச் சென்று சான்றிதழோடு வந்த இளைஞர்களுக்கு ஒரு தலைப்பு எங்கே மூச்சுவிடவேண்டும் என்று புரிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கருவியைக் கற்பது இரண்டு வாரம், கண்ணைப் பழக்குவது இரண்டு ஆண்டு என்ற கணக்கு அன்றே எனக்கு விளங்கிவிட்டது.

இன்று திரை வடிவமைப்பில் பெரும்பாலோர் கையாளும் கருவி ஃபிக்மா. 2012இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் இக்கருவி 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பட்டியலில் காணும் புதுச் சொற்கள் பலவும் அச்சகத்தில் பழகிய பொருள்களுக்கு இட்ட மாற்றுப் பெயர்களே. ‘ஃபிரேம்’ என்பது பக்கம். ‘கிரிட்’ என்பது நம் எட்டுப் பத்திக் கோடு. ‘ஸ்டைல்’ என்பது தலைப்புக்கு இன்ன எழுத்து, செய்திக்கு இன்ன எழுத்து என்று ஆசிரியபீடத்தில் ஒட்டி வைத்திருந்த அட்டவணை. ‘கம்போனன்ட்’ என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக வரையாமல் எடுத்து வைக்கும் பத்திரிகைத் தலைப்புக் கட்டை. ஒரே ஒரு வேறுபாடு, கட்டையை ஓரிடத்தில் திருத்தினால் அது இடம்பெற்ற நூறு பக்கங்களிலும் தானே திருந்திவிடும். ‘புரொட்டடைப்’ என்று கூறப்படும் திரைத் தொடர்ச்சியோ, “தொடர்ச்சி 6ஆம் பக்கம்” என்று முதற்பக்கத்தில் போடுகிறோமே, அதுதான். ஆறாம் பக்கத்தில் தொடர்ச்சியைக் காணாத வாசகர் மறுநாள் காலையில் தொலைபேசியில் என்ன சொல்வார் என்பதை அறிந்த எவரும், இணைப்பு அறுந்த பொத்தானின் கொடுமையைத் தனியே படிக்கவேண்டியதில்லை.

சற்று நின்று விளங்கிக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. 2019இன் இறுதியில் ஃபிக்மாவில் சேர்ந்த ‘ஆட்டோ லேஅவுட்’ எனும் தானியங்கு அடுக்கமைப்பு அது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வெற்றுக் கட்டையும், வரிக்கும் வரிக்கும் இடையில் ஈயத் தகடும் செருகி இடைவெளியை நிலைநிறுத்துவார்கள். சொல் நீண்டால் அடுத்த கட்டை நகரும். இடைவெளி மட்டும் மாறாது. தானியங்கு அடுக்கமைப்பும் அவ்வாறே செயற்படுகிறது. பொத்தானின் அகலத்தை அளந்து நிர்ணயிப்பதற்குப் பதிலாக, எழுத்தைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்பப் பொத்தான் விரியும், சுருங்கும். போட்டோஷாப்பில் மட்டும் பழகிய இளைஞர்கள் பலர் இதில்தான் தடுமாறுகின்றனர். ஒவ்வொன்றையும் கையால் இழுத்து வைத்தே பழகியவர்கள் அவர்கள். அச்சுக்கோத்தவர்களுக்கு இது பழைய நண்பன்.

தமிழுக்கு இந்த ஒரு வசதி உயிர்நாடி போன்றது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கும் ‘சப்மிட்’ தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என ஒன்பது எழுத்தாகி இருமடங்கு இடம் கேட்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து தைத்த பொத்தானில் தமிழ் நுழைந்தால் வால் அறுந்து ‘சமர்ப்பிக்க...’ என்று தொங்குகிறது. இணையப் படிவங்களின் தமிழ்ப் பக்கங்களில் இக்கோலத்தைக் காணாத வாசகர் இருக்கமாட்டார். பத்திரிகைகளில் உதவி ஆசிரியராக இருந்து, ஒற்றைப் பத்தித் தலைப்புக்குள் ஓர் அமைச்சரவைத் தீர்மானத்தையே அடக்கிப் பழகியவர் அங்கே ‘அனுப்புக’ என்று ஐந்தெழுத்தில் முடித்திருப்பார். திரைக்கான சொற்செட்டு என்று தனியே கற்பிக்கப்படும் பாடம், தலைப்பெழுதும் மேசையில் நாம் அன்றாடம் செய்ததே. (வெளியார் யாரும் இதற்காக நமக்குப் பெரிய சம்பளம் கொடுத்ததில்லை என்பது வேறு விடயம்.)

எழுத்தின் உயரத்திலும் இதே இடர்தான். ஆங்கில எழுத்துக்கு அமைத்த வரி இடைவெளியில் தமிழின் மேல்விலங்கும் கீழிறங்கும் ‘கூ’, ‘ளூ’ முதலிய எழுத்துகளும் முட்டிக்கொள்கின்றன. சிங்கள எழுத்துகளுக்கும் இதே கதி. அழகுக்காக ஆங்கில எழுத்துகளை விலக்கி வைக்கும் பழக்கத்தைத் தமிழுக்குப் பூசினால் ‘கொ’ மூன்று துண்டாக நிற்கும். பழைய அடோபி மென்பொருள்களிலும், இன்றைய போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிடினும், கொம்பும் காலும் இடம் மாறி விழுவதுண்டு. தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு இது தெரியவே தெரியாது. நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். அதுவே ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசிகளுக்கும் போய்ச் சேரும். மூன்று எழுத்துகளையும் ஒரே பலகையில் அருகருகே நிறுத்தி எடை பார்த்துப் பழகிய கற்பிட்டிக் கரையோரக் கலைஞரின் கண்ணில் அது ஒரு நொடியில் படும். 1987இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை இன்று பெரும்பாலும் திரையில்தான் நடைமுறைக்கு வரவேண்டியிருக்கிறது. திரையைத் தமிழறியாதவர் வரைய, தமிழறிந்த கலைஞர் பனர்க் கடையில் ஒட்டுவேலை செய்துகொண்டிருந்தால் அந்த உரிமை எந்தக் கதியில் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய திறன் எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் கூறவரவில்லை. அப்படிக் கூறுவது பொய்யான ஆறுதலாகும்.

முதலாவதாக, மறக்கவேண்டியது ஒன்று உண்டு. நம் அச்சகங்களில் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துரு, தட்டச்சுப் பொறியின் விசை வரிசையையொட்டியது; பழகிய கைக்கு இனியது. ஆனால் அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தி வைத்த ஏற்பாடு. எழுத்துருவை நீக்கினால் பொருளற்ற ஆங்கிலக் குவியலே எஞ்சும். தாளில் அச்சிட்ட பிறகு அது எவருக்கும் கவலையில்லை. திரையிலோ சொல்லைத் தேடவேண்டும், நகலெடுக்கவேண்டும், பார்வையற்றவருக்குக் கருவி வாசித்துக் காட்டவேண்டும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இன்னும் பாமினியில் அடித்து ஒட்டுபவர் திரை வேலைக்கு வரும்போது அதை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

அடுத்தது இதைவிடக் கடினம். பலகை பேசும், ஆனால் கேட்காது. திரை கேட்கவும் வேண்டும். ஒரு பொத்தானுக்கு ஒரே உருவம் போதாது: தொடுமுன் ஒன்று, தொட்டபின் ஒன்று, இணைய இணைப்பு இல்லாதபோது ஒன்று, தவறான அடையாள அட்டை இலக்கத்தை இட்டவருக்குத் தவறு எங்கே என்று சொல்வது ஒன்று. பட்டியலில் எதுவுமே இல்லாத வெற்றுத் திரையையும் வரையவேண்டும். அச்சுத் தொழிலில் ஊறியவர் எல்லாம் சரியாக நடக்கும் ஒரு பக்கத்தை மட்டும் மிக அழகாக வரைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். வடிவமைப்பின் பெரும்பகுதி, தவறு நடக்கும் பக்கங்களில் இருக்கிறது.

அளவும் அப்படியே. தாளின் அளவு மாறாது; கைத்தொலைபேசியோ ஆளுக்கொன்று. விரல் தொடவேண்டிய இடம் 44 புள்ளிக்குக் குறையக்கூடாது என்கிறது ஆப்பிள். கூகுள் 48 என்கிறது. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருக்க இருக்க அதை எட்ட நேரம் கூடும் என்று உளவியலாளர் போல் ஃபிட்ஸ் 1954இலேயே கணக்கிட்டுக் காட்டிய உண்மை இதன் பின்னணியில் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது அனைத்துலக இணைய அணுகுதரம். வெயிலில் பலகை எழுதியவருக்கு இந்த எண் புதிது, உண்மை புதிதன்று. ஆனால் அச்சுக்காரரின் நான்கு மை வண்ணங்கள் இங்கு இல்லை. ஒளியின் மூன்று வண்ணங்களே உண்டு. தாளில் மங்கும் பச்சை திரையில் கண்ணைப் பறிக்கும். வெற்றிடம் கண்டால் ஒரு பூங்கொத்தையேனும் செருகிவிடும் அழைப்பிதழ்க் கைப்பழக்கமும் இங்கு உதவாது. அதையும் மெல்ல விடவேண்டும்.

கருவிகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை. அவை நிலையானவை அல்ல. 1985இல் வந்து எங்கள் தொழிலையே மாற்றிய பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. ஃபிரீஹேண்ட் 2007இல் நின்றது, ஃபயர்வேர்க்ஸ் 2013இல், ஃபிளாஷ் 2020இன் இறுதியில். திரை வடிவமைப்புக்கென்றே அடோபி கொண்டுவந்த எக்ஸ்டி 2023இல் தனி விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஒரு காலத்தில் இத்துறையின் முன்னணியில் நின்ற இன்விஷன் 2024 முடிவில் மூடப்பட்டது. ஃபிக்மாவையே 2,000 கோடி டொலருக்கு வாங்க 2022இல் அடோபி முன்வந்து, 2023 டிசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. இப்பட்டியலைக் கண்ட பின்னும், பொத்தான்களின் இருப்பிடத்தை மட்டும் மனனம் செய்விக்கும் கற்கைநெறிக்குப் பெருந்தொகை கட்டுவது பேதைமை. க.பொ.த. சாதாரண தரத்தில் சித்திரம் படித்த மாணவனுக்கு எடையும் இடைவெளியும் நிறப் பொருத்தமும் ஏற்கெனவே கற்பிக்கப்பட்டுள்ளன. அவற்றின் மேல் கருவியை ஏற்றுவதே முறை. நடைமுறையில் நம் தனியார் கல்வி நிலையங்கள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது.

எனில், எங்கே தொடங்குவது? தாமே முன்பு செய்த ஒரு வேலையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் துணிபு. பயிற்சிக்காக அமெரிக்க உணவகச் செயலியைப் பார்த்து வரைவதால் கை பழகும், கருத்து வளராது. தலவிலப் பெருவிழாவின் நிகழ்ச்சி நிரலை அச்சிட்டுக் கொடுத்தவர் அதையே கைத்தொலைபேசித் திரைக்கு மாற்றிப் பார்க்கட்டும். தாளில் ஒரே பார்வையில் தெரிந்த ஒன்பது நாள் நவநாள் வழிபாடும் கைத்தொலைபேசியில் தெரியாது. முதலில் இன்றைய நாள் தெரியவேண்டும், மற்றவை ஒரு தொடுகையில் வரவேண்டும். அங்கே தகவலை வரிசைப்படுத்தும் பாடம் தொடங்குகிறது. அடுத்து அதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்துப் பார்த்தால் பொத்தான்கள் பிதுங்கும். தானியங்கு அடுக்கமைப்பு ஏன் வேண்டும் என்பது அப்போது தானே விளங்கும். குடிநீர், தங்குமிடம், முதலுதவி, காணாமற்போன குழந்தைகளை அறிவிக்குமிடம் ஆகியவற்றுக்குச் சின்னம் வரைந்தால், சூசன் கேரின் கட்டக் குறிப்பேடு நினைவுக்கு வரும். சனநெரிசலில் இணைப்பு அறுந்தால் திரை என்ன காட்டும் என்று கேட்டுக்கொண்டால், நான் மேலே கூறிய தவறுப் பக்கங்களை வரையவேண்டிவரும். இந்த ஒரே வேலைக்குள் கருவியின் முக்கியமான பகுதிகள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், வரையத் தெரிந்த ஒருவருக்கு ஓரிரு மாதம் போதும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். ஃபிக்மா உலாவியிலேயே இயங்குவது. தொடக்க நிலைப் பயன்பாடு இலவசம். அதற்கு இணைய இணைப்பு தேவை என்பது கரையோரக் கிராமங்களில் ஒரு குறைதான். ஸ்பெயினில் உருவாக்கப்பட்டு, மூலநிரலோடு எவருக்கும் இலவசமாக வழங்கப்படும் பென்பொட் அதற்கு நல்ல மாற்று. இணைப்பே இல்லாதவர்கள் 2003 முதல் இருந்துவரும் இங்க்ஸ்கேப்பில் சின்னங்களையும் எழுத்துகளையும் வரைந்து பழகலாம். இவற்றின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பது குறித்து அஞ்சவேண்டாம். நாள்தோறும் கைபடும் சொற்கள் ஐம்பதைத் தாண்டா.

வரைந்து முடித்ததும் நண்பர்களுக்குக் காட்டுவதில் பயனில்லை. நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரைப் பாலாவிச் சந்தியில் பேருந்துக்குக் காத்திருப்போரிடையே எளிதாகத் தேடிக்கொள்ளலாம். கைத்தொலைபேசியை அவர்கள் கையில் கொடுத்து, “அம்மா, நாளைக் காலைப் பூசை எத்தனை மணிக்கு எண்டு இதில பாத்துச் சொல்லுங்கோ” என்று கேட்டுவிட்டு, விளக்கம் எதுவும் கூறாமல் அருகில் நிற்கவேண்டும். ஐவரில் ஒருவர் சிங்களத்தில் மட்டும் வாசிப்பவராகவும், ஒருவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த மூதாட்டியாகவும் இருப்பது நலம். அவர் விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு, அன்றிரவே அந்த இடத்தை மாற்றி வரைந்து, மறுநாள் அதே சந்தியில் வேறு ஐவரிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும்.